கரிப்பொந்து

அப்படியே உக்காந்துறாத கண்ணு, இரு இரு. பேப்பர் தர்றேன், விரிச்சு உக்காரு. இந்த சீட்டுல நேத்து யாரு எதைக் கொட்டுனாங்களோ, யாரு வாந்தி எடுத்தாங்களோ. கண்டக்டர் தொடைக்கவா போறான்? நான் ஏறுன ஒடனே ஈரத்துணி போட்டுத் தொடைச்சேன். துணி எந்த நெறத்துல வந்துச்சுன்னு சொன்னா, நீ காலையில குடிச்ச காப்பி வெளிய வந்துரும். சொல்லலை, உடு.

எங்க போற? கோயமுத்தூரா. நல்லாரு. நானு மேட்டுப்பாளையத்துல எறங்கி அன்னூர் பஸ் ஏறோணும். ஏறுவனோ, எதிர்த்தாப்ல நிக்கிற குன்னூர் பஸ்ஸுலயே ஏறித் திரும்பிருவனோ, இன்னும் முடிவு பண்ணலை. அன்னூர்ல இன்னிக்கி ஒரு கண்ணாலம். யாரு கண்ணாலமா? என்ற மக கண்ணாலந்தான். ஏன் அப்படிப் பாக்கற? பெத்தவ முகூர்த்தத்தன்னிக்கி தனியா பஸ்ஸுல போறாளேன்னு தான? எல்லாம் எங்க ஹால் சுவத்துல இருந்த ஒரு கரிப்பொந்து பண்ணுன வேலை. சிரிக்காத. கேட்டுட்டு அப்பறம் சிரி.

குன்னூர்ல எங்க ஊடு வெள்ளைக்காரன் கட்டுன பங்களா. முழுசும் எங்களுது இல்ல, அதுக்கெல்லாம் எங்க போறது. மூணாப் பிரிச்சு வித்தாங்க, பெரிய ஹால் இருக்கற பங்கு எங்களுக்கு வந்துச்சு. எங்க ஊட்டுக்காரரு டீ பேக்டரியில ஸ்டோர் பாத்தவரு, இப்ப ரிட்டயர்டு. வெள்ளியங்கிரின்னு பேரு. பேருதான் மலை, மனுசன் வாயே தொறக்க மாட்டாரு. அந்த ஹால்ல, வாசல்ல நொழைஞ்சதும் கண்ணுல படற மாதிரி, சுவத்துக்குள்ள ஒரு பொந்து. குளிர் காயறதுக்காம். உள்ள வெறகு அடுக்கிப் பத்த வெச்சாப் புகை சிம்னி வழியா கூரைக்கு மேல போயிருமாம். ஃபயர்பிளேஸ்னு ஸ்டைலா சொல்லுவாங்க. எனக்கு அது கரிப்பொந்துதான். ஒருக்கா பத்த வெச்சோம். சிம்னி எங்கயோ அடைச்சிருக்குது போல, புகை முச்சூடும் ஊட்டுக்குள்ள. ஸ்க்ரீன் துணியெல்லாம் மூணு தண்ணி அலசியும் நாத்தம் போகலை. அதோட அடுப்பை அணைச்சவதான்.

அணைச்சா உட்டுருமா? மழை பேஞ்சா மேலருந்து கறுப்புத் தண்ணி சொட்டும். காத்தடிச்சா கரி உதுரும். பக்கத்துப் பங்குக்காரன் பூனை வந்து அதுக்குள்ள ஒண்ணுக்கு இருந்துட்டுப் போகும். நான் தெனமும் பினாயில் ஊத்திக் கழுவறேன், அது தெனமும் நாறுது. சாமி கும்புட ஒக்காந்தா மூக்குல அந்த வாடைதான். ச்சீ! சித்த ஜன்னலைத் தொற கண்ணு. வேணாம் வேணாம், முன் சீட்டுக்காரி வாயில முந்தானைய வெச்சுட்டு இருக்கறா, காத்துல நம்ம மேல வந்தாலும் வரும். சாத்திரு.

என்ற மக பேரு தாரணி. ஒரே புள்ள. டீ கம்பெனி ஆபீஸ்ல கணக்கு எழுதறா. லட்சணமாத்தான் இருப்பா, படிச்சிருக்கறா, ஆனா வர்ற சம்மந்தம் ஒண்ணும் நெலைக்கலை. முப்பது ஆகப்போகுது. வர்றாங்க, ஒக்காறாங்க, பலகாரம் திங்கறாங்க, போயி சொல்லி அனுப்பறமுங்கறாங்க, அவ்வளவுதான். திருப்பூர்லருந்து ஒரு குடும்பம் வந்துச்சு. மாப்ளைக்குச் சித்தப்பன் ஒருத்தன் மூக்கைச் சிந்தி அந்தக் கையைச் சோபாவுல தேச்சான். கண்ணால பாத்தேன். பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா? டெட்டால் துணி கொண்டாந்து அவன் உக்காந்திருக்கறப்பவே பக்கத்துல தொடைச்சேன். நான் ஒண்ணும் சொல்லலை, தொடைக்க மட்டுந்தான் செஞ்சேன். அவிய பாதிக் காப்பியில எந்திரிச்சுட்டாங்க. ஏன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியலை.

அடுத்தது உடுமலைச் சம்மந்தம். பெரிய எடம். மாப்ளையோட தாத்தா வெத்தலை போடறவரு. பேசிட்டே இருந்தாரு, எந்திரிச்சாரு, நேரா அந்தப் பொந்துகிட்டப் போனாரு, குனிஞ்சாரு, புளிச்சுன்னு உள்ள துப்புனாரு! என்ற ஊட்டு ஹாலுக்குள்ள! அவரு என்னவோ அது அதுக்குன்னே கட்டி வெச்சதுன்னு நெனச்சுட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு, "ஏனுங், உங்க ஊட்டுல ஹால்லதான் துப்புவீங்களா"ன்னு கேட்டுட்டேன். அதுவும் போச்சு. அன்னிக்கித்தான் எனக்கு வெளங்குச்சு. பொந்து இருந்ததுனால தான துப்புனாரு? என்ற மக கண்ணாலத்தைக் கெடுக்கறது இந்தப் பொந்துதான். இதை மூடாம இந்த ஊட்டுல நல்ல காரியம் நடக்காதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அப்பப் பாத்து அன்னூர்ச் சம்மந்தம் வந்துச்சு. பூமி இருக்குது, ஒரே பையன், பேரு பூபதி. கோழிப்பண்ணை வெச்சிருக்காங்கன்னதும் எனக்குக் கொஞ்சம் யோசனையாத்தான் இருந்துச்சு. கோழிப்பண்ணை நாத்தம் உனக்குத் தெரியுமா? ரோட்டுல பஸ்ஸுல போனாலே மூக்கைப் புடிக்கோணும். ஆனா புரோக்கர் சொன்னாரு, அதெல்லாம் ஆளு வெச்சுப் பாக்கறாங்க, மாப்ள கையே வெக்க மாட்டாப்லன்னு. சரின்னேன். ஞாயித்துக்கெழமை வர்றமுன்னாங்க. ஒடனே ஆசாரியைக் கூப்புட்டேன்.

ஆசாரி வந்து பொந்துக்குள்ள தலையை உட்டவன் அப்படியே வெளிய எடுத்துட்டான். "அக்கா, உள்ள என்னமோ சீறுது"ன்னான். தாரணி போன் வெளிச்சம் அடிச்சுப் பாத்தா. மேல ஒரு கல்லு நீட்டிட்டு இருக்குது, அதுல ஆந்தை குஞ்சு வெச்சிருக்குது. மூணு குஞ்சு. அடக் கருமமேன்னு இருந்துச்சு எனக்கு. அப்பத்தான் புரிஞ்சுது, நான் தெனமும் காலையில கூட்டி அள்ளுன கறுப்பு உருண்டையெல்லாம் என்னன்னு. எலியை முழுசா முழுங்கிட்டு, மயிரும் எலும்புமா உருண்டையாக் கக்குமாம். எலி மண்டையோட! அதை நான் கையால... வேண்டாம், உடு.

"அம்மா, ஒரு மாசம் பொறு. றெக்கை மொளைச்சா அதுகளே பறந்துரும். அப்பறம் மூடிக்கலாம்"னா தாரணி. ஞாயித்துக்கெழமை ஆளுங்க வர்றாங்க, இவ ஒரு மாசம் பொறுங்கறா. ஊட்டுமேல ஆந்தை உக்காந்தாலே ஆகாதும்பாங்க, இது ஊட்டுக்குள்ள குடித்தனமே நடத்துது. "உன்ற நல்லதுக்குத்தான்டி மூடறேன்"னேன். அவ அப்பனைப் பாத்தா. அவரு பேப்பரைப் பாத்தாரு. ஆசாரிகிட்ட, "நீ அடிப்பா பலகையை"ன்னுட்டேன். நல்ல பிளைவுட்டு, மேல சந்தன நெறத்துல மைக்கா ஒட்டி, ஓரமெல்லாம் பசை வெச்சு அடைச்சாச்சு. கூரை மேல ஆளை ஏத்தி சிம்னி வாய்க்கும் தகரம் போட்டுக் கட்டச் சொல்லிட்டேன். மேல தொறந்து கெடந்தாக் கரித்தண்ணி எறங்குமல்ல? எதைச் செஞ்சாலும் முழுசாச் செய்யோணும். பலகை முன்னாடி ஒரு பெரிய முருகன் படத்தை மாட்டி, பூப் போட்டு, வெளக்கு வெச்சேன். இத்தனை வருசத்துல அன்னிக்கித்தான் என்ற ஊடு ஊடாட்டம் இருந்துச்சு. தாரணி ரெண்டு நாள் என்கூடப் பேசலை. பேசாட்டிப் போகட்டும், கழுத்துல தாலி ஏறுனா சரியாப் போயிருமுன்னு இருந்துட்டேன்.

ஞாயித்துக்கெழமை வந்தாங்க. அப்பனும் அம்மாளும் பையனும். பையன் கறுப்பு, நல்ல ஒசரம், வெள்ளைச் சட்டை வெள்ளை வேட்டி. செருப்பை வாசல்ல ஒழுங்கா சோடி சேத்து வெச்சான். கால் கழுவத் தண்ணி எங்க இருக்குதுங்கன்னு கேட்டான். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி மனசு நெறஞ்சுருச்சு. அந்தம்மா முருகன் படத்தைப் பாத்துக் கையெடுத்துக் கும்புட்டுச்சு. எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. பஜ்ஜி வெச்சேன், கேசரி வெச்சேன்.

அப்ப முருகனுக்குப் பின்னாடி இருந்து ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம்.

"ஐயோ, பாம்புங்க!"ன்னு அந்தம்மா ரெண்டு காலையும் தூக்கி என்ற சோபா மேல வெச்சுக்கிச்சு. "பாம்பெல்லாம் இல்லைங்க, தண்ணிக் கொழாய்ல காத்து அடைச்சுட்டா அப்படித்தான்"னேன். மறுக்கா ஸ்ஸ்ஸ். அப்பறம் பலகையை நகத்தால பறண்டற சத்தம். எந்தக் கொழாய் பறண்டுமுன்னு நீயே கேக்கற மாதிரி அவியளும் என்னையே பாக்கறாங்க. எங்க ஊட்டுக்காரரு தரையில எதையோ தேடறாரு. அந்த நேரம் பாத்து தாரணி காப்பித் தட்டோட வந்தா. தட்டை டீப்பாய்ல வெச்சா. "கொழாய் இல்லைங்க. ஆந்தைக் குஞ்சுங்க. எங்கம்மா உசுரோட வெச்சு மூடிட்டாங்க"ன்னா.

பையன் எந்திரிச்சான். "எத்தனைங்க இருக்குது?"

"மூணுங்க."

"எப்ப மூடுனது?"

"வெள்ளிக்கெழமைங்க."

இதுதான் கண்ணு, பொண்ணும் மாப்ளையும் மொதமொதல்ல பேசிக்கிட்ட பேச்சு! என்ன படிச்சிருக்கற, சமைக்கத் தெரியுமான்னு ஒண்ணும் கெடையாது. முருகன் படத்தைப் பதனமாக் கழட்டி எங்க ஊட்டுக்காரரு கையில குடுத்தான். "மாமா, திருப்புளி இருக்குதுங்களா?" இன்னும் பூவே வெக்கலை, அதுக்குள்ள மாமா! அந்த மனுசன் வாயைப் பொளந்துட்டு எடுத்துக் குடுக்கறாரு. ஸ்க்ரூவையெல்லாம் கழட்டிப் பலகையை நெம்பி எடுத்தான் பாரு, உள்ள இருந்த கரி முச்சூடும் பொதுக்குன்னு ஹாலுக்குள்ள வந்துச்சு. சோபா, ஸ்க்ரீன், கேசரி, அந்தம்மா பட்டுச்சேலை, ஒண்ணு பாக்கி இல்ல. ஒரு நாத்தம் அடிச்சுது. ஐயோ, அதை இன்னதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

அவன் மூக்கைக்கூடப் பொத்தலை. தோள் வரைக்கும் கையை உள்ள உட்டு ஒண்ணொண்ணா எடுத்தான். ஆந்தைக் குஞ்சை நீ பாத்திருக்க மாட்ட. மொகம் மட்டும் கெழவி மாதிரி, ஒடம்பெல்லாம் அழுக்குப் பஞ்சு. அதைக் கொண்டாந்து என்ற மக கையில குடுக்கறான், அவ கட்டியிருந்த பட்டு முந்தானையில ஏந்தி வாங்கறா! ரெண்டு உசுரோட இருந்துச்சு. ஒண்ணு செத்துருச்சு. செத்ததைக் கர்ச்சீப்புல சுத்திச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டான். நெஞ்சுக்கு நேரா! போற வழியில பொதைச்சுக்கறேன், இங்க போட்டா நாய் இழுத்துருமுங்கறான். அப்பறம் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு ஏணி வெச்சுக் கூரை மேல ஏறித் தகரத்தைப் பிரிச்சான். எறங்கி வந்தான். குஞ்சுகளை மறுக்கா அந்தக் கல்லு மேலயே வெச்சான். வெச்சுட்டு, கையை வேட்டியில ரெண்டு தேய்ப்புத் தேச்சுட்டு, ஒரு பஜ்ஜி எடுத்துக் கடிச்சான்.

கை கழுவாம கண்ணு! எலி மண்டை, ஆந்தைப் பீ, செத்த குஞ்சு, எல்லாத்தையும் தொட்ட கை. நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்தக் கையில பஜ்ஜி. அதைப் பாத்து என்ற மக சிரிக்கறா. மொகத்துல பாதி கரி, மூக்கு நுனியில கரி, கையால வாயைப் பொத்திட்டு அப்படிச் சிரிக்கறா. அவ அப்படிச் சிரிச்சு நான் எப்பப் பாத்தேன்னு எனக்கு நெனப்பே இல்ல.

அப்பத்தான் எனக்கு வாய்ல வந்துச்சு. "கோழிப்பீ அள்ளற கைதான, அதுக்கென்ன சுத்தம் தெரியும்"னுட்டேன். மெல்லத்தான் சொன்னேன். எல்லாருக்கும் கேட்டுருச்சு. அந்தம்மா தட்டைக் கீழ வெச்சுட்டுக் கெளம்பலாமுன்னு எந்திரிச்சுச்சு. பையனுக்குக் கோவம்கூட வரலை. "வாஸ்தவந்தானுங்க, நானும் அள்ளறதுதான். ஆளு மட்டும் அள்ளறாங்கன்னு புரோக்கர் சொல்லியிருந்தா அது பொய்யிங்க"ன்னான். கும்புட்டான். போயிட்டாங்க. நான் பினாயில் வாளியை எடுத்துட்டு வந்து ஹாலைக் கழுவ உக்காந்துட்டேன். வேறென்ன பண்ணச் சொல்ற?

நான் கழுவிட்டே, "போன பீடை போகட்டும், மொதல்ல போயிக் குளிச்சுட்டு வாடி"ன்னேன். தாரணி நகரலை. "அவரு அழுக்கைத் தொட்டுத் தூக்குனாரும்மா. நீ என்னைய எப்பத் தொட்டிருக்கற? பள்ளிக்கூடத்துல முட்டி சில்லு பேந்து ரத்தத்தோட வந்தப்பவே, கிட்ட வராத, குளிச்சுட்டு வான்னு சொன்னவ நீ"ன்னா. எத்தனை வருசத்துக் கதையைப் புடிச்சு வெச்சிருக்கறா பாரு! ரோட்டு மண்ணு, சாக்கடைத் தண்ணி எல்லாம் பட்டு வந்திருக்கறா, குளிக்காம எப்படித் தொடறது? நீயே சொல்லு. குளிச்சுட்டு வந்தப்பறம் மருந்து போட்டது நான்தான? அதை மட்டும் மறந்துட்டா.

அப்பறம் என்ன. அன்னிக்கிச் சாயங்காலமே தாய் ஆந்தை வந்துருச்சு. தாரணி ஒரு பழைய சேலையைப் பொந்துக்குக் குறுக்க கட்டி உட்டுட்டு, யாரையும் கிட்ட உடலை. அந்தப் பையனுக்கும் இவளுக்கும் தெனமும் போனு. குஞ்சு எரை எடுத்துச்சா, எந்திரிச்சு நின்னுச்சா, றெக்கை வந்துச்சா. காதலிக்கறவங்க பேசற பேச்சா இது? பக்கத்து ரூம்ல படுத்துட்டு இதையெல்லாம் நான் கேட்டுட்டு இருக்கோணும். ஒரு மாசத்துல ரெண்டும் பறந்து போச்சு. அதுக்குள்ள இங்க எல்லாம் முடிஞ்சு போச்சு. அவனைத் தவிர யாரும் வேண்டாங்கறா. எங்க ஊட்டுக்காரரு ஒரு நாள் காலையில சட்டையை மாட்டிட்டு, "நான் அன்னூர் போயி மன்னிப்புக் கேட்டுப் பேசி முடிச்சுட்டு வர்றேன்"னாரு. என்ற கிட்டக் கேக்காம அந்த மனுசன் செஞ்ச மொதக் காரியம் இதுதான். "அப்படி நடந்தா நான் வர மாட்டேன்"னேன். "சரி சிந்தாமணி"ன்னுட்டுப் போயிட்டாரு.

நான் சும்மா இருப்பனா? குஞ்சு பறந்த மறுநாளே கொத்தனாரைக் கூப்புட்டுச் செங்கல் வெச்சுக் கட்டிப் பூசிட்டேன். பெயிண்டும் அடிச்சாச்சு. இப்பப் போயி பாத்தா அங்க ஒரு பொந்து இருந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது. நாத்தம் இல்ல, கரி இல்ல, சத்தம் இல்ல. ஊடு பளிங்காட்டம் இருக்குது.

நேத்து மத்தியானம் எல்லாரும் கெளம்புனாங்க. ஒறம்பரைச் சனத்துக்கு வேன் வந்து நிக்குது. தாரணி பொட்டி எடுத்துட்டு வந்தவ, என்ற முன்னாடி வந்து நின்னா. கால்ல உளுகறதுக்குக் குனிஞ்சா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிச்சியா"ன்னேன். சத்தியமா வேணுமுன்னு கேக்கலை கண்ணு. பழக்க தோசம், வாயில அதுதான் வருது. அவ குனிஞ்சவ அப்படியே நிமுந்துட்டா. "குளிச்சுட்டம்மா"ன்னா. சொல்லிட்டு, தொடாமயே போயி வேன்ல ஏறிட்டா. நல்லா இருன்னு சொல்லத்தான் நானும் வாயைத் தொறந்தேன். வேன் போயிருச்சு.

அப்பறம் ஊட்டை ஒருக்கா தொடைச்சேன். தொடைக்க ஒண்ணும் இல்ல. மறுக்கா தொடைச்சேன்.

என்ன, கல்லாறு தாண்டிருச்சா? இனி மேட்டுப்பாளையம்தான? இல்ல, நான் போறேன்னு சொல்லலை. அந்த மண்டபத்துச் சமையக்கட்டு எந்த லட்சணத்துல இருக்குதோ, எலையைக் கழுவித்தான் போடறாங்களோ, யாரு பாப்பாங்க? எங்க ஊட்டுக்காரருக்கு அதெல்லாம் தெரியாது. அதுக்காகப் போனாலும் போவேன். இன்னொண்ணும் இருக்குது. அந்தக் கையில தான கண்ணு இன்னிக்கித் தாலி கட்டப் போறான்? என்ற மக கழுத்துக்குப் பின்னாடி முடி போடப் போறான்? இந்தப் பையில புதுச் சோப்பு ஒண்ணு வெச்சிருக்கறேன், ஒரு சொம்பு வெச்சிருக்கறேன், தொடைக்கத் துண்டு வெச்சிருக்கறேன். மண்டபத்துல யாரு என்ன பேசுனாலும் பேசிட்டுப் போகட்டும். மாமியாக்காரி இப்படிப் பண்ணுவாளான்னு சிரிச்சாலும் சிரிக்கட்டும். மணவறையில ஏறறதுக்கு முன்னாடி அவன் ரெண்டு கையையும் நானே புடிச்சு, வெரல் வெரலாத் தேச்சுக் கழுவி உட்டுட்டு, அப்பறந்தான் என்ற புள்ளையைத் தொட உடுவேன்.

அவளுக்கும் மொகத்துல மஞ்சளோ என்னமோ அப்பி வெச்சிருப்பாளுக. அதோடயே இருக்கட்டும். நேரா போயி, அப்படியே... வந்துருச்சா? சித்த காலை நகத்து கண்ணு, எறங்கறேன். அன்னூர் பஸ் எந்தப் பக்கம் நிக்குமுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்.